மாசி பவுர்ணமியில் வந்த அதிகாரி

நேற்று சேவூரிலிருந்து திரும்பும்போது, அறுத்த வயல் ஒன்றிலிருந்து வைக்கோல் புகை வந்தது. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள், அவ்வளவுதான். எனக்குக் கன்னியப்பன் ஞாபகம் வந்துவிட்டது.

கன்னியப்பன் இருளர். ஓட்டைப் பானையில் வைக்கோலை மூட்டி, எலி வளைக்குள் புகை ஊதுவார். எனக்கு அப்போது பட்டுக்கடையில் வேலை. தறிக்காரர்களுக்குப் பாவு நூல் கொடுத்துவிட்டு வரும் வழியில் நின்று வேடிக்கை பார்ப்பேன். சட்டையில் ஏறிய வாசனைக்காக முதலாளி என்னைப் புடவைகளை விட்டு எட்ட உட்காரவைப்பார்.

ஏரிக்கரைக்குக் கீழே அவர்கள் குடிசைகள். பட்டா கேட்டு மனு எழுதிக்கொடுத்தது நான்தான். கையெழுத்து அழகு என்ற கர்வம். வெள்ளைக்காரர் காலத்து அளவையில் அந்த இடம் ஏரிப் புறம்போக்கு. அந்தச் சொல் மாற வேண்டுமானால், தலைமுறைகளாக அவர்கள் அங்கேயே குடியிருப்பதை அதிகாரி நேரில் பார்த்து எழுத வேண்டும்.

அதிகாரி வந்தார், மாசி பவுர்ணமியன்று. அன்று இருளர் எல்லோரும் கன்னியம்மனைக் கும்பிட மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். கல்யாணம்கூட அங்கேதான். காலிக் குடிசைகளைப் பார்த்தவர், எவரும் குடியிருக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

கன்னியப்பன் திரும்பிவந்தபோது, புதுத் தாலியோடு மகள் பின்னால் நின்றாள். ஒருவரையாவது விட்டுப் போயிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"ஆத்தா கூப்புட்றப்போ ஒருத்தன மட்டும் வுட்டுட்டா போவாங்க சார்?" என்றார். பிறகு சிரித்தார். "வெள்ளக்காரன் சங்கிலி இழுத்து அளந்தானே, அன்னிக்கும் நாங்க கடலுக்குத்தான் பூட்டிருப்போம்."

"சிரிச்சிகினே இரு," என்றாள் அவர் மனைவி. "நாளைக்கு எங்க போய்ப் படுக்கறது?"

மறுமனுவும் போட்டோம். பழைய அறிக்கையைக் காட்டியே தள்ளிவிட்டார்கள்.

பால்காரர் வராத நாளைக்கூடக் குறித்துவைப்பவன் நான், உங்களுக்குத்தான் தெரியுமே. அந்தச் சங்கிலி எந்த மாதத்தில் இழுக்கப்பட்டது என்று இன்னும் தேடுகிறேன். வருஷம் கிடைக்கிறது, மாதம் கிடைக்கவில்லை. மாசியாக இருந்தால்தான் என்ன செய்யப்போகிறேன்?

ஏரி ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடிக்க வந்தார்கள். அன்று எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். பிறகு வந்தவாசிப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனதாகக் கேள்வி.

நேற்று வண்டியை நிறுத்திக் கரைக்குக் கீழே பார்த்தேன். முள்செடி, தண்ணீர்ப் பாட்டில்கள். எவரும் குடியிருக்கவில்லை என்று இப்போது எழுதினால் சரியாக இருக்கும்.