பல்லில் வைத்த மெழுகு

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஸ்ரீராம்புரத்தில் ஒரு கல்யாண பேண்டில் நான் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றவன். நாலு பேர் நடுவே பேச வராது, ஊதச் சொன்னால் ஊதுவேன்.

கிளாரினெட்டை மேல் முன்பல்லால் அழுத்திப் பிடித்து ஊத வேண்டும். பல் போனால் பிடி போச்சு. எங்கள் செட்டில் டிரம்பெட் வாசித்த ஒருவர், மார்க்கெட் நடைபாதையில் உட்காரும் பல் வைத்தியனிடம் முன்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவர் கையில் ஜால்ராதான். எனக்கு அதே இடத்தில் வலி வந்தபோது பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் என் மனைவி கண்டுபிடித்து, கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

தலைமுறைகளாக இந்தக் கன்னட ஊரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை அந்த டாக்டர். நர்சிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். பிடுங்கத்தான் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ பல்லின் பின்பக்கத்தில் ஓட்டை போட்டார். தையல் மெஷினைப் போலக் காலால் மிதிக்கிற மெஷின் அது. மண்டைக்குள் சத்தம். திடீரென்று வாயெல்லாம் கசப்பும் நாற்றமுமாகச் சீழ் இறங்கியது. அடுத்த நிமிஷம் வலியைக் காணோம்.

மூன்று நாள் ஓட்டை திறந்தே இருக்கட்டும், உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள், அப்புறம் உள்ளே சுத்தம் செய்து அடைக்கிறேன் என்றார். நான் என்ன தொழில் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நாக்கை வைத்துப் பார்த்தேன். ஓட்டையில் காற்று போய் வந்தது. ஓட்டையைத் திறந்து வைப்பது எங்கள் தொழிலில் கிடையாது. கிளாரினெட்டில் எங்கே காற்று ஒழுகினாலும் தேன்மெழுகை உருட்டி அடைப்போம், அதற்கென்று பெட்டியிலேயே ஒரு உருண்டை இருக்கும். மறுநாள் மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாண ஊர்வலம். பக்கத்தில் நிற்பவர்களுக்கு என் வாய் நாறுமே என்று வேறு கூச்சம். யாருக்கும் தெரியாமல் மெழுகை விரல் சூட்டில் இளக்கி ஓட்டையில் அழுத்திவிட்டேன். நன்றாக அடைத்துக்கொண்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காலையில் வலது கண் திறக்கவில்லை. உதடு மூக்கைத் தொட்டது. கண்ணாடியில் தெரிந்தது யார் முகம் என்று ஒரு கணம் எனக்கே புரியவில்லை. பேண்ட் மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, ஊர்வலத்துக்கு வேறு ஆளைத் தேடிப் போனார்.

மனைவி மறுபடி என்னை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஊசி முனையில் மெழுகைத் தோண்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது என்ன? யார் வச்சது?"

"அவரேதான் சார் வச்சிருப்பாரு," என்றாள் என் மனைவி. "பீப்பீக்கு வைக்கிற மெழுகு அது. வூட்ல பீங்கான் வெடிச்சாலும் அதத்தான் வைப்பாரு."

"சீழ் வெளியில வரட்டும்னுதானே திறந்து வச்சேன். அடைச்சா அது எங்கே போகும்? மேலே ஏறிடுச்சு, கண்ணுக்கிட்ட வந்துடுச்சு." அவர் முகம் வெளுத்திருந்தது. "இனிமே ரிஸ்க் வேண்டாம். எடுத்துடறேன்."

இடுக்கியை எடுக்க அவர் திரும்பினார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். வாழ்நாளில் ஒரு படித்தவரைத் தொட்டுத் தடுத்தது அப்போதுதான்.

"வேணாங்க. நான் கிளாரினெட் வாசிக்கிறவன்."

"இதை முதல் நாளே சொல்றதுக்கென்ன?" என்றார்.

அவர் இடுக்கியை எடுக்கவில்லை. பிறகு ஓட்டையை மறுபடி திறந்துவிட்டு, தினம் பெனிசிலின் ஊசி என்றார். மூன்று நாளில் வீக்கம் வடியாவிட்டால் எடுத்தே தீருவேன் என்றும் சொன்னார். மூன்றாம் நாள் கண் திறந்தது. பிறகு வாரம் ஒரு தடவை. முடி கனத்தில் ஒரு அரத்தை விட்டு வேர்வரை சுரண்டினார். கடைசி நாள் மெல்லிய ரப்பர் குச்சி போன்ற ஒன்றை உள்ளே இறக்கி, மேலே சிமெண்ட் வைத்து மூடினார்.

"இதுல இனிமே நரம்பு கிடையாது. உயிர் இல்லாத பல்லுதான். ஆனா நிக்கும்."

அது எனக்கு இன்னொரு அடி. ஊதும்போது சுரம் சரியா என்பதைக் காதைவிட அந்தப் பல்தான் முதலில் சொல்லும். அதிர்வு பல் வழியாக மண்டைக்குள் ஏறும். உயிரில்லாத பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதற்கா அவர் கையைப் பிடித்தேன்?

இரண்டு நாள் பெட்டியைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மனைவி சமைத்துக்கொண்டிருக்கும்போது எடுத்தேன். பல்லை வைத்து, பயந்தபடி ஒரே ஒரு சுரம் ஊதினேன். பல்லில் கிளம்பிய அதிர்வு மூக்குத் தண்டு ஏறி நெற்றிவரை போனது, எப்போதும் போல. தூக்கிப் போட்டது எனக்கு. வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்ட?" என்று அடுப்பங்கரையிலிருந்து கேட்டாள்.

"அதிருது," என்றேன்.

"அதிர்ந்தா இன்னா? ஊது."