சந்தனமாரியின் ரோட்டு டெஸ்ட்

முதலில் காதடைப்பான்களை எடுப்பாள். ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு போல இருக்கும், தகட்டை அழுத்தி வண்டிப் பாகம் செய்கிற பிரஸ் லைன்காரர்களுக்குக் கம்பெனி கொடுப்பது. பாதிப் பேருக்கு அது சட்டைப் பையில்தான் கிடக்கும். சந்தனமாரி ஷிஃப்ட் தொடங்கி முடிகிறவரை அதைக் காதை விட்டு எடுப்பதில்லை. பஸ் ஏறி உட்கார்ந்ததும் மெதுவாகத் திருகி எடுத்து, சின்ன டப்பாவில் போட்டு மூடி, வாயை நாலு தரம் அகலத் திறந்து மூடுவாள். காதடைப்பு விலக அது நல்ல வழி. பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி போலத் தெரியும். அதன் பிறகுதான் போனை டிரைவர் திருமலையிடம் நீட்டுவாள்.

“இன்னாம்மா, இன்னிக்கு யாரு சாவு?” என்பார் திருமலை, ஸ்பீக்கர் ஒயரைச் சொருகிக்கொண்டே.

“யாரும் சாகலண்ணே. முப்பது வருசமா உசுரோட இருக்காவ. அதான் போடச் சொல்லுதேன்.”

வல்லம் வடகாலில் இருந்து ஒரகடம் வழியாகப் படப்பை போகிற கம்பெனி பஸ் அது. மற்ற நாட்களில் சினிமாப் பாட்டு ஓடும். வெள்ளிக்கிழமை மட்டும் சந்தனமாரியின் நாள். உலகம் முழுக்க ஹெவி மெட்டல் இசை ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. காலையில் சேரப்பணஞ்சேரி அறையில் இருந்து கிளம்பும் முன்பே புது ஆல்பத்தைப் போனில் இறக்கிவிடுவாள். ஆனால் கேட்க மாட்டாள். போன் லாக்கரில் கிடக்கும், இவள் லைனில் நிற்பாள். முதல் தடவை கேட்பது சாயங்கால பஸ்ஸில்தான்.

அவள் எடுத்துக்கொள்வது பழைய ஆட்களை மட்டும். த்ராஷ், டெத் என்ற இரண்டு வகையில், இருபத்தைந்து வருஷத்துக்குக் குறையாமல் வாசித்துக்கொண்டிருக்கும் குழுவாக இருக்க வேண்டும். “புதுப் பிள்ளைக வேகமாத்தான் அடிக்கும். அதுல என்ன அதிசயம் இருக்கு? முட்டி தேஞ்ச பொறவும் அடிக்கணும்லா” என்பாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். “த்ராஷ் கதவத் தட்டிச் சண்டைக்கு வரும். டெத்து தரைக்கு அடியில இருந்து தோண்டிக்கிட்டு வரும்.”

ஆல்பம் கேட்கும்போது தலையை ஆட்டுவதில்லை. கழுத்துப் பிடித்துக்கொண்டால் மறுநாள் லைனில் குனிந்து பீஸ்களில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்க முடியாது. ஜன்னலோரம் நேராக உட்கார்ந்து மூன்று காரியங்களைக் கவனிப்பாள். டிரம்ஸ்காரர் பெடலை மிதிக்கும் இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று ஈடு கொடுக்கின்றனவா? பாடுகிறவர் அடிவயிற்றில் இருந்து உறுமுகிறாரா, தொண்டையைக் கிழிக்கிறாரா? அடிவயிற்றுக்காரர் எழுபதிலும் பாடுவார், தொண்டைக்காரருக்கு நாற்பதில் குரல் போய்விடும். மூன்றாவது, கிட்டார் வாசிப்பு புதியதா, தங்கள் பழைய ஆல்பத்தில் இருந்தே எடுத்ததா? எடுத்ததாக இருந்தால் அவள் சொல்வது ஒன்றே ஒன்று: “பழைய டை, புதுப் பெயின்ட்டு.” டை என்றால் பிரஸ்ஸில் மாட்டுகிற அச்சு.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அறையில் மின்விசிறியை நிறுத்தி, ஆல்பத்தைப் பற்றிப் போனில் பேசிப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவாள். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதில்லை. ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட். லைனில் உள்ள மூன்று தீர்ப்புகள்தாம் இங்கேயும். தூத்துக்குடியிலும் துபாயிலும் பினாங்கிலும் இருந்து அதைக் கேட்கிறார்கள். சிலர் திட்டுகிறார்கள். “பாவம், வயசானவங்க, கொஞ்சம் பாத்துச் சொல்லக் கூடாதா” என்று ஒருவர் எழுதியிருந்தார். “வயசுக்குத் தள்ளுபடி கொடுத்தா அவியளுக்குத்தான் அவமானம்” என்று பதில் போட்டாள்.

இந்தப் பழக்கம் அவளைப் பிடித்த கதை சின்னது. கயத்தாறில் இருந்து பயிற்சித் தொழிலாளியாக வந்த புதிதில், ஓசூருக்கு வேலை மாறிப் போன ஒரு பெண் தன் பென்டிரைவை இவளிடம் விட்டுப் போனாள். போட்டுப் பார்த்தால் ஒரே இரைச்சல். ஃபைல் கெட்டிருக்கிறது என்று நினைத்தாள். எந்த இடத்தில் கெட்டிருக்கிறது என்று பார்க்க மறுபடி கேட்டாள். “தப்பத் தேடித்தான் கேட்டேன். கடைசி வரைக்கும் ஒரு தப்பும் இல்ல.” ஸ்லாக் பிஷப் என்ற குழுவின் ஆல்பம் அது. அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. விசாரித்ததும் இல்லை.

ஏன் பஸ்ஸில் போட வேண்டும், இயர்போனில் கேட்டால் ஆகாதா? எல்லோரும் கேட்கிற கேள்விதான். “இயர்போன்ல எல்லாப் பாட்டும் நல்லாத்தான் இருக்கும். ரோட்டுல நிக்கணும்லா” என்பாள். டீசல் என்ஜின் சத்தம் கீழ்ச்சுருதியை விழுங்கும். கண்டெய்னர் லாரியின் ஹாரன் மேல்சுருதியை விழுங்கும். வேகத்தடையில் பஸ் தூக்கிப் போடும். திருமலையின் ஸ்பீக்கரோ ஏற்கெனவே ஒரு பக்கம் கிழிந்தது. இத்தனைக்கும் நடுவில் ஒரு வாசிப்பு காதில் வந்து உட்கார்ந்தால் அதில் சரக்கு இருக்கிறது என்று பொருள். வண்டி செய்கிற ஊரில் வண்டியை ரோட்டில் ஓட்டித்தானே பார்க்கிறார்கள்? அவள் ஆல்பத்தை ஓட்டிப் பார்க்கிறாள்.

இதற்குத்தான் போன வாரம் ஆபத்து வந்தது. பக்கத்து லைன் சூப்பர்வைசர் பாண்டுரங்கன் இதே பஸ்ஸில் வருகிறவர். ஓய்வு பெற அதிக நாள் இல்லை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வியாழக்கிழமை பஸ்ஸிலேயே எழுந்து நின்று சொல்லிவிட்டார்.

“திங்கக்கெழம டிரான்ஸ்போர்ட்ல எழுதிக் குடுத்துருவேன். வெள்ளிக்கெழம வந்தா தல வெடிக்குது. டெஸ்ட்டாம் டெஸ்ட்டு! இவளுக்குப் புடிச்சவன் தகரத்த உருட்டுனாலும் ஓகேன்னுதான் சொல்லப் போறா. இதுக்குப் பேரு இன்ஸ்பெக்சனா?”

பாட்டு நின்றுபோகும் என்பது ஒரு அடி. அதைவிடப் பெரிய அடி கடைசிக் கேள்வி. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கிற பெண்ணிடம், நீ எதை வேண்டுமானாலும் பாஸ் போடுவாய் என்று நாற்பது பேர் முன்னால் சொல்வதென்றால்? திருமலைதான் சமாதானம் பேசினார்.

“சார், நாளிக்கு ஒரு தபா கேட்டுட்டு அப்பால எழுது சார். உன் இஸ்டம்.”

மறுநாள் வெளியானது ஸ்லாக் பிஷப்பின் ஆல்பம்தான். அந்தக் குழு தொடங்கி முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. சந்தனமாரி அவர்களுக்கு இதுவரை ஓகே தவிர வேறெதுவும் சொன்னதில்லை. அது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை யாரும் தூங்கவில்லை. கேன்டீன் அமலா தன் வழக்கமான இடத்தை விட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாகச் சந்தனமாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாண்டுரங்கன் ஸ்பீக்கருக்கு நேர் கீழே, கைகளைக் கட்டிக்கொண்டு.

பஸ் கம்பெனி கேட்டைத் தாண்டும்போது முதல் பாட்டு தொடங்கியது. நல்ல வேகம். இரண்டு வேகத்தடை தாண்டியதும் வேகம் மட்டும் மிஞ்சியது, பாட்டு எங்கோ விழுந்துவிட்டது. டிரம்ஸ்காரரின் வலது கால் பின்தங்குவதும், அதை மறைக்க மற்றவர்கள் சத்தத்தைக் கூட்டுவதும் சந்தனமாரிக்குத் தெளிவாகக் கேட்டது. வயதானால் கால் தளரும், அது யாருடைய குற்றமும் இல்லை. ஓட முடியாதவர் ஓடுவதாக நடித்தால் கூட இருப்பவர்களும் சேர்ந்து விழ வேண்டியிருக்கும். பாட்டு முடிந்ததும் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“ரிஜெக்ட்டு.”

பின் சீட்டில் யாரோ விசிலடித்தார்கள். பாண்டுரங்கன் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாவது பாட்டும் ரிஜெக்ட். மூன்றாவதில் கிட்டார் ஆரம்பித்த உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பென்டிரைவில் இருந்த அதே வாசிப்பு, சுருதி மட்டும் இறக்கியிருந்தார்கள்.

“பழைய டை, புதுப் பெயின்ட்டு. ரிஜெக்ட்டு.”

“அடிப்பாவி, உன் ஆளுங்கடீ!” என்றாள் அமலா.

“ஆளா இருந்தா என்னக்கா? பிசிறு இருந்தா பிசிறுதான்.”

பாண்டுரங்கன் கையை நீட்டினார். “அவளே மூணும் போச்சுன்னுட்டா. நிறுத்துப்பா திருமல. இதுக்கு மேல இன்னா கீது?”

சந்தனமாரி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நிறுத்தக் கூடாது சார். சாம்பிள்ல மூணு பீஸு போனா என்ன செய்யணும்? உங்க லைன்ல எழுதி ஒட்டியிருக்குல்லா?”

பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் அதற்குப் பதில் தெரியும். மாதிரிக்கு எடுத்தது தேறவில்லை என்றால் மொத்தச் சரக்கையும் ஒன்று விடாமல் பார்க்க வேண்டும். அந்த விதிக்காகப் பாண்டுரங்கன் எத்தனையோ பேரை ஓ.டி. பார்க்க வைத்திருக்கிறார்.

“அதானே சார்!” என்று பின் சீட்டில் இருந்து ஒரு குரல் வந்தது. பஸ்ஸே சிரித்தது. பாண்டுரங்கன் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

நான்காவது பாட்டு ரீவொர்க். ஐந்தாவது தொடங்கும்போது பஸ் ஒரகடம் சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே சிக்கி நின்றது. பாட்டும் வேகத்தை விட்டுவிட்டது. டிரம்ஸ்காரர் ஓடுவதை நிறுத்தி, ஒவ்வொரு அடியையும் தூக்கி வைத்தார். அறுநூறு டன் பிரஸ் இறங்குகிற மாதிரி, ஒன்று இறங்கி ஓய்ந்த பிறகு அடுத்தது. மேலே கிட்டார் இழைந்து இழைந்து ஏறியது. வெளியே நாலு பக்கமும் ஹாரன். ஒன்றும் அந்தப் பாட்டைத் தொடவில்லை. ஜன்னல் கண்ணாடி அடிக்கு அடி அதிர்ந்தது.

“இன்னாடி இது, வயித்துல வந்து குந்திக்கிது” என்றாள் அமலா.

அடுத்துப் பேசியவர் பாண்டுரங்கன்.

“இந்த டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு இன்னா வயசு?”

“அறுவத்தொண்ணு சார்.”

“என்ன வுட மூத்தவன்.” கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டார். “மொதல்ல ஓட்டம் காட்டிகினு இருந்தான். இப்போ ஓட்டத்த வுட்டுட்டு வெயிட்ட புட்சிகினான்.”

சந்தனமாரி அவரை முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். அன்று ராத்திரி போனில் பேசுவதற்காக அவள் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அதுதான்.

“ஓகே சார்” என்றாள். “இது ஓகே.”

பஸ்ஸே கை தட்டியது, கத்தியது. அதன் பிறகு அவளால் நிம்மதியாகக் கேட்க முடியவில்லை. ஆறாவது பாட்டு ஓகே என்றாள் அமலா. ரீவொர்க் என்றார் பாண்டுரங்கன். “நடுவுல மூச்சு வாங்குறான் பாரு, தெர்ல?” என்று அவர் கேட்க, “நாப்பது வருசம் கத்துனா நீ வாங்க மாட்டியா சார்?” என்று அமலா திருப்பிக் கேட்டாள். பின் சீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். காலை மீட்டிங்கில்கூட இத்தனை பேர் வாய் திறந்து பார்த்ததில்லை. சந்தனமாரி இரண்டு கைகளையும் உயர்த்தி, “ஏ, பாட்டக் கேக்க விடுங்களேன்!” என்று கத்த வேண்டியதாயிற்று. கத்தும்போதே சிரிப்பும் வந்துவிட்டது.

கடைசிப் பாட்டு நீளமானது. உறுமல் அடங்கிக் கிட்டார்கள் இரண்டும் தனியாக ஏறத் தொடங்கிய நேரத்தில் பாண்டுரங்கன் இறங்க வேண்டிய இடம் வந்தது. அவர் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்குப் போனார். திருமலை பிரேக்கை மிதித்தார். கதவு திறந்தது. நாற்பது பேரும் அவர் முதுகைப் பார்த்தார்கள். பாண்டுரங்கன் கீழே ரோட்டைப் பார்த்தார், தலையைச் சாய்த்து ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்தார். பிறகு இறங்காமலே கதவை இழுத்துச் சாத்திவிட்டு, ‘போலாம்’ என்று பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.