டோனே வரவில்லை

போன வாரம் காரில் மரக்காணம் பக்கம் வந்துகொண்டிருந்தேன். உப்பளங்களை ஒட்டி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, எப்போது விடும் என்று பார்க்கக் கைபேசியில் வானிலைப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். திறந்தேன் என்பது பேச்சுக்குத்தான். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நடுவில் நகைக்கடன் விளம்பரம் ஒன்று மட்டும் ஒரு குறையும் இல்லாமல் முழுசாக வந்து நின்றது. மழையைப் பற்றிக் கேட்டவனுக்கு நகைக்கடன். கடைசியில் மழை நின்றுவிட்டது, வட்டம் நிற்கவில்லை.

இந்த வட்டத்தைச் செய்து கொடுக்கிற கூட்டத்தில்தான் நானும் சம்பளம் வாங்குகிறேன். ஆகவே, அது ஏன் சுற்றுகிறது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு வலைப்பக்கத்தில் எழுத்தும் படமும் மட்டும் இருக்காது. அதை ஆடவும் ஓடவும் வைக்கச் சின்னச் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளும் கூடவே இறங்கும். எந்தப் பக்கத்துக்கு எது வேண்டுமோ அதை மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் எவனோ ஒருவன் சோம்பல்பட்டு, எல்லாப் பக்கத்துக்கும் வேண்டியதை ஒரே மூட்டையாகக் கட்டி ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஏற்றிவிடுவான். கல்யாணத்துக்குப் போகிறவன் சட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் பீரோவையே முதுகில் தூக்கிக்கொண்டு கிளம்பின மாதிரி.

கார் கண்ணாடியை இறக்கினேன். ஈரச் சேறும் உப்பும் கலந்த வாடை உள்ளே வந்தது. இந்த வாடையோடு நனைந்த சாக்கின் வாடையும் சேர்ந்தால் அதுதான் என் முதல் ஆபீஸ். மரக்காணத்தில் ஓர் உப்பு குடோனின் மாடி. கீழே மூட்டை, மேலே இரண்டு கணினி. உப்புக் காற்றில் விசைப்பலகையின் எழுத்துகள் துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி இறுகிக்கொள்ளும். ஓங்கித் தட்டினால்தான் இறங்கும். இன்றைக்கும் நான் தட்டச்சு செய்தால் ஆபீசில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். யார்மேலோ கோபம் என்று நினைக்கிறார்கள். கோபம்தான், ஆனால் தட்டுவதற்குக் காரணம் அது இல்லை.

முதலாளி சேகர் அண்ணன். அவருடைய அப்பாவுக்கு உப்பளம் இருந்தது, லாரி இருந்தது. மகனுக்கு உப்பில் கால் வைக்கப் பிடிக்கவில்லை. ஊரே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று பேசிக்கொண்டிருந்த காலம். குடோன் மாடியில் சுண்ணாம்பு அடித்து, வலைத்தளம் செய்து தரப்படும் என்று பலகை மாட்டிவிட்டார். மரக்காணத்தில் வலைத்தளம் யாருக்கு வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு அறிவாளிகளும் ஒன்று சேர்ந்தோம்.

அப்புறம் சுனாமி வந்தது. அதற்கு அடுத்த வருஷம் எங்கள் கடற்கரைக்கு வராத தொண்டு நிறுவனம் இல்லை. படகு வந்தது, தையல் மிஷின் வந்தது, பேனர் நிறையவே வந்தது. அதில் ஒரு நிறுவனம் மட்டும் உருப்படியான காரியம் ஒன்று செய்தது. அனுமந்தை மீனவர் குப்பத்தில் ஒரு சின்ன அறை கட்டி, அதில் ஒரு கணினியும் தொலைபேசி லைனும் வைத்து, கூரைமேல் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டினார்கள். பாண்டிச்சேரியில் இருக்கும் அவர்களுடைய ஆட்கள் அன்றைய காற்றையும் அலையையும் விடியும் முன்பே இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். குப்பத்தில் அதைத் திறந்து பார்த்து, படகு தள்ளும் நேரத்துக்குள் ஒலிபெருக்கியில் படிக்க வேண்டும். அந்த வலைத்தளத்தைச் செய்கிற வேலை எங்களுக்கு வந்தது. ஏன் எங்களுக்கு வந்தது என்றால், பக்கத்தில் வேறு பலகை இல்லை.

படிக்கிற வேலை சகுந்தலா அக்காவுக்கு. குப்பத்துப் பெண்தான், பத்தாவது வரை படித்தவர், தொண்டை கணீரென்று இருக்கும். வாய் அதைவிடக் கணீர். முதல் நாள் நான் பக்கத்தைக் காட்டி, அலை ஒன்றரை மீட்டர் என்று வந்திருப்பதைப் படித்துக் காட்டினேன்.

"மீட்டர்னா இன்னாபா, கரண்டு மீட்டரா? எங்க ஆளுங்க தண்ணிய மீட்டர் வச்சா அளக்கறாங்க?" என்றார்.

அதனால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். மீட்டர் கணக்கை எடுத்து முட்டி அளவு, இடுப்பு அளவு, ஆள் உயரம் என்று மாற்றிக் கொடுக்கும். என் ஆயுளில் நான் எழுதியவற்றில் யாருக்காவது பயன்பட்டது அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. பக்கம் முழுசாக இறங்கிய பிறகுதான் அந்த நிரல் வேலை செய்யும். அதுவரை வெறும் மீட்டர் எண்கள்தான் தெரியும். ஆகவே பயிற்சி கொடுக்க வந்தவர் அக்காவிடம் கறாராகச் சொல்லியிருந்தார், திரையின் அடியில் சாம்பல் பட்டையில் இடது மூலையைப் பார், பக்கம் முடிந்ததும் அங்கே ஆங்கிலத்தில் 'டன்' என்று வரும், அது வராமல் ஒரு வார்த்தை படிக்காதே என்று. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். டி, ஓ, என், இ. டோனே.

நான் ஒருமுறை திருத்திப் பார்த்தேன். "அது டன் அக்கா."

"டன்னுன்னா உப்பு. இது டோனே."

அதற்குமேல், உப்பை டன் கணக்கில் ஏற்றுகிற மரக்காணத்துக்காரன் என்ன பேச முடியும். கொஞ்ச நாளில் குப்பமே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. விடியற்காலையில் படகுக்குப் பக்கத்தில் நின்று பல் குச்சியை மென்றுகொண்டு, "டோனே வந்துச்சா?" என்று அறையைப் பார்த்துக் கத்துவார்கள். கடல் நிலவரத்துக்கே அதுதான் பெயர் என்று ஆகிவிட்டது.

இந்தச் சமயத்தில் ஐப்பசி வந்தது. ஐப்பசியில் மழை வந்தால் உப்பளத்தில் வேலை கிடையாது. குவியலைக் கீற்றால் மூடிவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். அப்போதுதான் சேகர் அண்ணனுக்குத் தன்னிடம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இருப்பது ஞாபகத்துக்கு வரும். மாடிக்கு வந்தார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் சரக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தார். திரை முழுக்கப் பனி கொட்டும் ஒன்று. மவுஸ் போகும் இடமெல்லாம் பின்னாலேயே பறக்கும் பட்டாம்பூச்சி ஒன்று. மூலையில் ஓடும் கடிகாரம். அடியில் உள்ள சாம்பல் பட்டையில் 'உங்களை வருக வருக என வரவேற்கிறோம்' என்பதை ஆங்கிலத்தில் ஊர்ந்து போக வைக்கும் ஒன்று. எல்லாவற்றையும் என் சின்ன நிரலோடு சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டச் சொன்னார். அதற்கு 'மூட்டை' என்று பெயர் வைத்தார். தளத்தில் எத்தனை பக்கம் உண்டோ அத்தனையிலும் மூட்டையை ஏற்றச் சொன்னார்.

அலைப் பக்கத்துக்கு இதெல்லாம் எதற்கு, அதற்கு வேண்டியதை மட்டும் தனியாகக் கொடுப்போம் என்று சொன்னேன்.

"அரை லோடு அனுப்பறது எங்க பரம்பரையிலயே கெடையாதுடா" என்றார்.

பக்கம் இறங்குவதை 'பேஜ் லோடு' என்று அவரிடம் வாய் தவறிச் சொன்னதே நான்தான். அன்றிலிருந்து அவர் மண்டைக்குள் ஒரு லாரி வந்து நின்றுவிட்டது. அதை என்னால் கிளப்பவே முடியவில்லை. பாதி காலியாகப் போனாலும் லாரிக்கு அதே வாடகைதானே என்பது அவர் வாதம். அவரை முழு முட்டாள் என்றும் சொல்லிவிட முடியாது. "மொத வாட்டிதான் லேட்டாவும். அப்புறம் மூட்டை அவங்க மிஷின்லயே கெடக்கும், திருப்பி எறக்க வேணாம்" என்றார். அது உண்மை. முட்டாள் சரியாகப் பேசும்போது வருகிற எரிச்சல் இருக்கிறதே, அதற்கு மருந்து கிடையாது. மூட்டையைக் கட்டினேன், ஏற்றினேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் மாடிப்படி ஏறி ஏழுமலை வந்தார். சகுந்தலா அக்காவின் தம்பி. வலது கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"மொதலாளி, எங்க டோனேவ குடுங்க" என்றார்.

சேகர் அண்ணனுக்கு அந்தச் சொல் தெரியாது. அவர் குப்பத்துப் பக்கமே போனதில்லை. முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டு, "டொனேஷன்லாம் நம்ம கைல இல்லபா. பாண்டில ஆபீஸ் இருக்குது, அங்க போய் எழுதிக் குடு" என்றார்.

"உன் டொனேஷன கொண்டுபோய் அளத்துல கொட்டு. டோனேன்னா டோனே. அது வந்து எத்தினி நாளாவுது தெரியுமா?"

நான் எழுந்து வந்து நடந்ததைக் கேட்டேன். கொஞ்ச நாளாக ஒலிபெருக்கி வாயே திறக்கவில்லை. அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு கணினி எதிரில் உட்கார்ந்தே இருக்கிறார். கிழக்கு வெளுத்துவிடுகிறது. எத்தனை நேரம் நிற்பது என்று முந்தின நாள் படகைத் தள்ளிவிட்டார்கள். திரும்பி வரும்போது அலை பெருகி, கரைக்குக் கிட்டத்தில் ஏழுமலையின் படகு கவிழ்ந்தது. வலை போயிற்று, தோள் பிசகிற்று. ஆள் பிழைத்தது பெரிய காரியம்.

"எங்கக்காவ பாத்து, கொழாய்ல சினிமா பாட்டாச்சும் போடுன்றானுங்க. இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா ஒருத்தனும் காது குடுக்க மாட்டான். அப்புறம் டோனே வந்தா இன்னா, வராங்காட்டி இன்னா?"

மறுநாள் இருட்டோடு அனுமந்தைக்குப் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொலைபேசி லைன் கீச்சுக் கீச்சென்று கத்தி இணைப்புக் கிடைத்தது. பக்கம் வெள்ளையாக நின்றது. வெளியே ஆட்கள் இருமுவது கேட்டது. ஒருவழியாக எழுத்துகள் வந்தன. பட்டாம்பூச்சி வந்தது. அலை இடுப்பு அளவு என்று தெளிவாகத் தெரிந்தது. அதன்மேல் பனி கொட்டியது. அக்கா அசையவில்லை.

"படிங்கக்கா" என்றேன்.

"டோனே வரலயே."

சாம்பல் பட்டையைப் பார்த்தேன். டோனே வர வேண்டிய இடத்தில், வருக வருக என்று வரவேற்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அது ஓர் ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறி, மறுபடியும் நுழைந்தது. அது இருக்கிறவரை டோனே வரவே வராது. அக்கா சொன்னபடி செய்கிற ஆள். வராமல் படிக்காதே என்றால் படிக்க மாட்டார்.

அது சரி, பக்கம் இறங்கவே ஏன் தினமும் இவ்வளவு நேரம், மூட்டைதான் மிஷினிலேயே கிடக்குமே என்று கேட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பயிற்சிக்காரர் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருந்தார். இணையத்திலிருந்து இறங்கிய குப்பையெல்லாம் மிஷினில் சேரும், அவ்வப்போது அழித்துவிட வேண்டும் என்று.

"வெளக்கு வைக்கறதுக்கு முன்ன கூட்டிப் பெருக்கிடுவேன். வூட்டையும் அதான், இதையும் அதான். குப்பையோட வெளக்கேத்த முடியுமா?"

ஒவ்வொரு சாயங்காலமும் சேகர் அண்ணனின் மூட்டையைக் கூட்டிக் குப்பையில் தள்ளிவிட்டு, ஒவ்வொரு விடியற்காலையும் அதைப் புதிதாக இறக்கிக்கொண்டிருந்தார். அது குப்பைதான் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அன்றைக்கே மாடிக்குப் போய் அலைப் பக்கத்திலிருந்து மூட்டையை இறக்கினேன். என் சின்ன நிரலைத் தனிக் கோப்பாக எடுத்து, அந்தப் பக்கத்துக்கு மட்டும் வைத்தேன். மதியத்துக்குள் சேகர் அண்ணன் கண்டுபிடித்துவிட்டார்.

"பனி எங்கடா?"

"கடல்ல பனி எதுக்குண்ணே?"

"பணம் குடுக்கற வெள்ளக்காரங்க பாப்பாங்கடா."

"அவங்களா நாளைக்குப் படகு தள்ளப் போறாங்க?"

நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்றார். சரி அண்ணே, சாயங்காலம் ஏழுமலை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், பனி ஏன் கொட்டுகிறது என்று நீங்களே அவரிடம் விளக்கிவிடுங்கள் என்றேன். அவர் மாடிப்படியை எட்டிப் பார்த்தார். பிறகு, அந்த ஒரு பக்கம் மட்டும் அரை லோடு போகட்டும் என்று பெரிய மனசு பண்ணினார்.

மறுநாளும் இருட்டோடு போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கம் சட்டென்று வந்தது. சாம்பல் பட்டையில் அந்த நாலு எழுத்து வந்து நின்றது. அக்கா மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். வெளியே ஒரு படகுக்கு ஏற்கனவே தோள் கொடுத்துவிட்டார்கள். காற்றும் அலையும் பிறகு இருக்கட்டும் என்று முதலில் அவர் சொன்னது வேறு.

"டோனே வந்துடுச்சி. டோனே வந்துடுச்சிபா. நில்லுங்க."

தள்ளினவர்கள் நின்றார்கள். அலை ஆள் உயரம் என்று படித்தார். மணலில் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த ஏழுமலை, "இன்னாத்துக்கு நின்னுனு இருக்கீங்க, மேல இழுங்கடா" என்றார். படகை மேட்டுக்கு இழுத்தார்கள். இவ்வளவுதான் நடந்தது. ஒரு படகு கடலுக்குப் போகவில்லை. இதை என் பயோடேட்டாவில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் இன்றுவரை எழுதாமலே விட்டுவிட்டேன்.

பக்கத்துக்குப் பக்கம் தனி லோடு என்பது தன்னுடைய யோசனை என்று சேகர் அண்ணன் நிறுவனத்துக்காரர்களிடம் சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டார். இப்போது என் ஆபீசிலும் ஒரு பையன் அதையே புதுக் கண்டுபிடிப்பாகத் திரையில் போட்டுக் காட்டினான், எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிவிட்டுப் போய் மூட்டையைத்தான் கட்டுகிறார்கள்.

அடுத்த வருஷமே நிறுவனம் வேறு ஊரின் துயரத்துக்குக் கிளம்பிவிட்டது. அலை எண்களை ஏற்ற ஆள் இல்லை. தொலைபேசி லைனைத் துண்டித்தார்கள். குழாயைக் கோயில் திருவிழாவுக்குக் கழற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. குடோன் மாடியில் இப்போது சாக்கு இருக்கிறது. சகுந்தலா அக்கா மகளோடு சென்னைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

போனது போகட்டும். அந்தச் சாம்பல் பட்டையும் போய்விட்டதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. எந்த உலாவியிலும் அது இல்லை. அந்த மழையில் கைபேசியை வைத்துக்கொண்டு, என்னை அறியாமல் அடியில் இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நகைக்கடன்தான் இருந்தது. இப்போது எந்தப் பக்கமும் நான் முடிந்துவிட்டேன், இனி நீ படிக்கலாம் என்று யாருக்கும் சொல்வதில்லை. சொன்னாலும் அதைக் குழாயில் கத்திச் சொல்ல ஆள் இல்லை, கேட்டுவிட்டுப் படகை நிறுத்தக் கரையில் யாரும் காத்துக்கொண்டிருக்கவும் இல்லை.