கனகலட்சுமி இங்கிலீஷில் சொன்னது

தங்கப்பாண்டியன் பட்டாளத்தில் ஹவில்தாராக ஓய்வுபெற்று செட்டியார்பட்டிக்குத் திரும்பியபோது, அவருடைய மனைவி கனகலட்சுமி தபால்வழியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரியாமல் சேர்ந்துவிடவில்லை. மகளை மதுரையில் நர்சிங் படிக்க விட்டுவிட்டு வந்த வாரம் போன் போட்டுக் கேட்டாள். "வீட்ல சும்மாதான இருக்கேன், ஒரு டிகிரி படிக்கட்டுமா?" அவர் ராஜஸ்தானில் ஏதோ ஒரு முகாமில், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். "படி, அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டார். தமிழ் படிப்பாள் என்று நினைத்திருந்தார்.

இங்கிலீஷ் என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தோஷம்தான். அந்தத் தெருவில் இங்கிலீஷுக்கு அவர்தான் ஆள். லீவில் வந்தால் பாங்கிலிருந்து வந்த மெசேஜ், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், புதுசாக வாங்கிய மோட்டாரின் விவரத் தாள் எல்லாம் அவரிடம்தான் வரும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்து அர்த்தம் சொல்வார். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை கிடைத்ததுகூட அந்த இங்கிலீஷை நம்பித்தான்.

"என்ன சந்தேகம்னாலும் என்னட்ட கேளு" என்று மனைவியிடம் சொன்னார்.

அவளும் கேட்டாள். ஒரு கவிதையில் கடல் வந்தது, காற்று வந்தது, நடுவில் 'பார்க்' என்று ஒரு சொல் வந்தது.

"பார்க்னா நாய் கொலைக்கிறது" என்றார்.

"கடல்ல ஏது நாய்?"

"கப்பல்ல வளத்திருப்பான். வெள்ளைக்காரன் நாயில்லாமப் போவானா?"

அவள் அப்படியே எழுதிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் நேர்முக வகுப்பு நடக்கும். சாயங்காலம் திரும்பி வந்தவள் வாசலிலேயே சிரித்தாள்.

"அது நாய் இல்லையாம். பழைய இங்கிலீஷ்ல படகுக்கு அப்படி ஒரு பேராம். கிளாஸே சிரிச்சிட்டு."

"நான் சொன்னேன்னு சொல்லிட்டியா?"

"ஆமா, வீட்ல அவுகதான் சொன்னாகன்னு சொன்னேன்."

அவர் எழுந்து போய் எருமைக்குத் தண்ணீர் காட்டினார். ஏற்கெனவே குடித்திருந்த எருமை தலையைத் திருப்பிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவள் அவரிடம் சந்தேகம் கேட்பது குறைந்தது. கூடப் படிக்கிற இருவருக்குப் போன் போட ஆரம்பித்தாள். ஒருத்தி நூர்னிசா, ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியில் செருப்புக் கடை வைத்திருப்பவரின் மனைவி. இன்னொருவர் பாலகணேஷ், அரசு பஸ் கண்டக்டர். நூர்னிசாவிடம் பேசும்போது கனகலட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்து நடந்து பேசுவாள். பாலகணேஷிடம் பேசும்போது உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் பொம்பள அப்ப ஏன் அவன விட்டுட்டுப் போனா, அதச் சொல்லுங்க" என்று கேட்பாள். தங்கப்பாண்டியன் எதிர்த் திண்ணையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். எந்தப் பொம்பளை, எவனை விட்டுட்டுப் போனாள் என்று அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். கேட்க வாய் வரவில்லை.

ஒருநாள் வேறொன்றைக் கேட்டுவிட்டார். "அவன் கண்டக்டர்தான? டிக்கெட் கிழிக்கிறத விட்டுட்டு அவனுக்கு எதுக்கு இலக்கியம்?"

"நம்மளுக்கு எதுக்கோ அதுக்குத்தான்" என்றாள்.

அந்த 'நம்மளுக்கு' என்ற சொல்லில் தான் இல்லை என்று தங்கப்பாண்டியனுக்குத் தோன்றியது. அன்று மில் கேட்டில் நிற்கும்போதும் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. லாரி உள்ளே போனதைப் பதியாமல் விட்டுவிட்டு மேனேஜரிடம் திட்டு வாங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு, "நானே பைக்ல கொண்டு விடுதேன்" என்று கிளம்பினார். கனகலட்சுமி ஆச்சரியப்பட்டாள், ஆனால் சந்தோஷமாகப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ராஜபாளையம் தாண்டி மேற்கே மலை தெளிவாகத் தெரியும் இடம் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பாலகணேஷ் எப்படி இருப்பான் என்று மனசுக்குள் வரைந்துகொண்டே போனார். உயரமாக, மீசையை ஒதுக்கி, மடிப்புக் கலையாத சட்டை போட்டவனாக வரைந்திருந்தார்.

கல்லூரி வாசலில் நின்றவர் ஒல்லியாக, முன்தலை வழுக்கையாக, டூட்டி முடிந்து நேராக வந்த காக்கிச் சட்டையோடு இருந்தார். தோளில் தொங்கிய தோல்பையில் டிக்கெட் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாடகப் புத்தகம் செருகியிருந்தது.

"அண்ணே, வாங்கண்ணே. அக்கா ஒங்களப் பத்தி நெறையச் சொல்லுவாக" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

கோபப்பட ஏதாவது கிடைக்கும் என்று வந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. நெறையச் சொல்லுவாக என்றால் என்ன சொல்லுவாள்? தன்னிடம் என்ன சொல்கிறாள்? பால் கறந்தாச்சு, கரெண்ட் போச்சு, பிள்ளை போன் போட்டாள். இருபது வருஷமாகப் போனிலும் நேரிலும் அவ்வளவுதான்.

வீட்டுக்குத் திரும்பாமல் வராந்தாவிலேயே நின்றார். வகுப்பின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஒரு கவிதை நடந்துகொண்டிருந்தது. போருக்குப் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. பாடம் நடத்திய இளம்பெண், இதில் யாருக்காவது அனுபவம் உண்டா என்று கேட்டாள். கனகலட்சுமி எழுந்தாள்.

இங்கிலீஷில் பேசினாள். தட்டுத்தடுமாறி, ஆனால் நிறுத்தாமல் பேசினாள். தங்கப்பாண்டியனின் இங்கிலீஷ் ஆர்டருக்குப் பதில் சொல்லும் இங்கிலீஷ். அதில் வாக்கியங்கள் சின்னதாக இருக்கும். மேலே ஃபேன் கடகடவென்று ஓடியது. ஹஸ்பெண்ட் என்றது கேட்டது. லீவ் என்றது கேட்டது. ஸ்லீப் என்று இரண்டு தடவை கேட்டது. அவள் உட்கார்ந்தாள். நூர்னிசா கனகலட்சுமியின் முதுகில் கை வைத்தாள்.

தன்னைப் பற்றித்தான் பேசினாள் என்பது நிச்சயம். என்ன பேசினாள் என்பதுதான் தெரியவில்லை. திரும்பும்போது பைக்கில் கேட்டிருக்கலாம். "கிளாஸ் எப்படி?" என்று மட்டும் கேட்டார். "நல்லாருந்துச்சு" என்றாள்.

மூன்று நாள் பொறுத்தார். நான்காவது நாள் வேலை முடிந்ததும் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று, பாலகணேஷ் டூட்டி பார்க்கும் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.

"எங்கண்ணே போகணும்?"

"எங்கயும் இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் போடுங்க."

பாலகணேஷ் கூட்டத்துக்கெல்லாம் டிக்கெட் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். தங்கப்பாண்டியன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு எங்க வீட்ல என்ன பேசுனா?"

கண்டக்டருக்கு முகம் மாறிவிட்டது. "நல்லாத்தாண்ணே பேசுனாக. எங்களுக்கெல்லாம் கண்ணு கலங்கிட்டு."

"அதான் என்ன பேசுனா?"

"நீங்க லீவுல வந்தா அக்காவுக்குத் தூக்கம் வராதாம். நீங்க கெளம்பிப் போன பொறவுதான் நல்லாத் தூங்குவாகளாம். அதுக்கு மேல எனக்கும் சரியாப் பிடிபடலண்ணே." விசில் ஊதிவிட்டு, "தப்பா எடுத்துக்கிடாதீக" என்று முன்னால் போய்விட்டார்.

தன் மனைவி மனசில் இருப்பதை இன்னொருவனிடம் டிக்கெட் எடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று தங்கப்பாண்டியன் கூசிப்போனார். அவர் போன பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வந்ததாம். பனியிலும் மணலிலும் அவர் அந்த லீவு நாட்களை நினைத்தே காலம் ஓட்டியவர்.

அதற்குப் பிறகு அவர் செய்தது சின்னத்தனம். அவருக்கே அது தெரியும். பரீட்சை ராஜபாளையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கியது. அன்றைக்கு மத்தியானம் தன்னோடு பட்டாளத்தில் இருந்த நாலு பேரைச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார். தளவாய்புரம், சேத்தூர் என்று பக்கத்து ஊர்க்காரர்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் அவளிடம் சொன்னார்.

"நாளைக்கா?" என்றாள்.

"அவங்களுக்கு நாளைக்குத்தான் தோது."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். விடியுமுன் எழுந்து கறிக்குழம்பு வைத்தாள், ரசம் வைத்தாள், அரிசியைக் களைந்து ஊற வைத்தாள். "சோறு மட்டும் வடிச்சிருங்க. ஆறிப்போனா நல்லாருக்காது" என்று சொல்லிவிட்டு, தலையை வாரிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். அவரே சோறு வடித்து, அவரே இலை போட்டுப் பரிமாறினார். தளவாய்புரத்து வேல்பாண்டி குழம்பைப் பிசைந்துகொண்டே, "தங்கச்சி எங்கலே?" என்று கேட்டான்.

"பரீட்சை எழுதப் போயிருக்கா. பி.ஏ. இங்கிலீஷ்."

"இம்புட்டையும் ஆக்கி வச்சிட்டா போயிருக்கு?" வேல்பாண்டி சாப்பிடுவதை நிறுத்தினான். "ஏலே, பரீட்சைன்னு தெரிஞ்சேதான் கூப்பிட்டியா?"

தங்கப்பாண்டியன் அவன் இலையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். யாரும் மறுசோறு கேட்கவில்லை. சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

அவள் வரும்போது பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

"நான் லீவு முடிஞ்சு போன பொறவுதான் ஒனக்குத் தூக்கம் வருமாமே."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன. சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்." அவள் பையை ஆணியில் மாட்டினாள். "நீங்க வந்த அன்னைக்கே போற நாள எண்ண ஆரம்பிச்சிருவேன். படுத்தா அதான் ஓடும். எங்கன தூங்க? போயிட்டீகன்னா எண்ணுறதுக்கு ஒண்ணுமில்ல. அசந்து தூங்கிருவேன்."

அவர் சொம்பில் தண்ணீர் எடுத்து நீட்டினார். ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் சொன்னேன். நீங்க வந்தா வீட்ல எல்லாத்தையும் எடம் மாத்துவீக. அரிசிப் பானை அங்க, கட்டில் இங்க. நீங்க போன பொறவு எல்லாத்தையும் பழைய எடத்துல வச்சாத்தான் எனக்கு மூச்சு வரும். அதுவும் நெசந்தான்."

"இத என்னட்ட சொல்றதுக்கென்ன?"

கனகலட்சுமி யோசித்துத்தான் பதில் சொன்னாள். "தமிழ்ல சொன்னா சண்டையாப் போயிரும். ஒண்ணு சொல்ல வந்து ஒம்பது சொல்லுவேன். இங்கிலீஷ்ல எனக்குத் தெரிஞ்ச வார்த்தையே கொஞ்சம். சுத்தி வளைக்க வரல. உள்ளது மட்டும் வந்துச்சு."

"அத மொதல்ல அந்தக் கண்டக்டர்தான் கேக்கணுமா?"

"நீங்களுந்தான் வராந்தாவுல நின்னீகளே" என்றாள். "நான் எந்திரிக்கும்போதே பாத்துட்டேன்."

அவர் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் பேசியிருக்கிறாள். அவள் மிச்சக் குழம்பை மோந்து பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் வடித்த சோற்றைச் சாப்பிட்டாள். சோறு குழைந்திருந்தது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

விருந்தன்று எழுதிய தாளில் கனகலட்சுமி தோற்றாள். மறுபடி எழுதி, இரண்டாம் வகுப்பில் பி.ஏ. முடித்தாள். "அன்னைக்கு நான் செஞ்சது தப்புதான்" என்று அவர் ஒரு தடவை சொன்னார். "தப்புதான்" என்றாள் அவளும். இப்போது எம்.ஏ. சேர்ந்திருக்கிறாள். நூர்னிசாவும் சேர்ந்திருக்கிறாள். பாலகணேஷுக்கு வேறு டிப்போவுக்கு மாற்றல் வந்துவிட்டது, இவர்களோடு போனில்தான் படிக்கிறார். அவர் போன் வந்தால் தங்கப்பாண்டியனுக்கு இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் எழுந்து போவதில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

வகுப்புக்கு அவர்தான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். போகும் வழியெல்லாம் அவள் கதை சொல்ல வேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். போன மாதம் ஒரு பெரிய நாவல் ஓடியது. அதில் வருகிற பண்ணைக்காரனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல் இளகுவதை அவர் கவனித்திருந்தார். பொறுமைசாலியாம், பெண்டாட்டி பேசினால் குறுக்கே பேசாமல் கேட்பானாம்.

"அவனுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று ஒரு வாரம் கேட்டார். "பாக்க எப்படி இருப்பான்?" என்று மறுவாரம் கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் தாண்டியதும் அவரே ஆரம்பித்தார். "ஒன் பண்ணைக்காரன் என்ன ஆனான்?"

"செத்துட்டான். நேத்துதான் முடிச்சேன். எனக்கு அழுகையே வந்துட்டு."

"எப்படிச் செத்தான்?"

"குதிரைல இருந்து விழுந்து."

"ம்" என்றார் தங்கப்பாண்டியன். கொஞ்ச தூரம் போனதும், "இந்த மாதிரி ஆளுக சீக்கிரம் போயிருவாங்க" என்று சொல்லிவிட்டு, நல்ல உற்சாகத்தோடு ஒரு லாரியை முந்தினார்.