திருவடிக்குப் பதினைந்து விநாடி

எனக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும் என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு நம்பிக்கொண்டிருக்கிறது. அது என் புகுந்த வீடு. மணப்பாறையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை ஒன்றில் இரண்டு வருஷம் டைப் அடித்தேன், அவ்வளவுதான் என் கம்ப்யூட்டர் ஞானம். காதல் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்த புதிதில், "எங்காத்து மாட்டுப்பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் அத்துப்படி" என்று மாமனார் தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்தார். என்னைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் அகப்படவில்லை போலும். நானும் மறுக்கவில்லை. கிடைத்த ஒரே நல்ல பெயரை எதற்குக் கெடுத்துக்கொள்வது?

போன வருஷம் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. எங்கள் வீடு முதல் மாடியில். வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், மூன்று மாதம் படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயில் ஐந்து நிமிஷ நடைதான். தினமும் போய்ப் பழகிய மனிதர், ஜன்னல் வழியே கோபுரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. உறவுக்காரர் ஒருவர் வீட்டில் இருந்த, பெருமாள் படம் போட்ட பழைய காலண்டர் ஒன்றைப் போனில் படமெடுத்து, அவருடைய கம்ப்யூட்டர் திரை முழுக்க வருகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன்.

நிற்கிற பெருமாளாக இருந்தால் அகலத் திரையில் கஷ்டம். எங்கள் ஊர்ப் பெருமாள் படுத்திருக்கிறவர். அளவெடுத்த மாதிரி பொருந்தினார். இடது ஓரத்தில் திருமுடி, வலது ஓரத்தில் திருவடி. மாமனாருக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது.

"பெருமாள் திருமுடி மேலே அது என்னம்மா?"

"குப்பைத்தொட்டி மாமா. வேண்டாததை எல்லாம் அதுல போடலாம்."

அவர் காதைப் பொத்திக்கொண்டார். நான் குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டுபோய் ஆதிசேஷனுக்கும் கீழே ஒரு மூலையில் விட்டேன். அதற்குப் பிறகு எல்லாம் சுமுகமாக நடந்தது. காலையில் எழுந்து சர்க்கரை மாத்திரையை விழுங்குவார், கம்ப்யூட்டரைப் போடுவார், கைகூப்பி நிற்பார். முதலில் திருவடி, அங்கிருந்து மெல்ல மேலே போய்க் கடைசியில் திருமுடி. அதுதான் முறை. அது முடிந்த பிறகுதான் காபியும் இட்லியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா" என்றார். எழுத்தைப் பெரிதாக்க அச்சுக் கடையில் நாங்கள் ஒரு வைத்தியம் வைத்திருந்தோம். செட்டிங்ஸில் போய் ரெசல்யூஷனை, அதாவது திரையின் புள்ளிக் கணக்கை, குறைத்துவிடுவோம். குறைத்தேன். எழுத்து கொழுகொழுவென்று வந்தது. "பேஷ்!" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எழுத்தை மட்டும் பெரிதாக்க அதே பக்கத்தில், ரெசல்யூஷனுக்கு நேர் மேலேயே தனி வசதி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அன்று அவர் திரை முழுக்க மெயிலைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்ததால், பின்னால் பெருமாளுக்கு என்ன ஆயிற்று என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை தெரிந்தது.

"அம்மாடீ!" என்று ஒரு குரல். கீழே விழுந்துவிட்டாரோ என்று பதறி ஓடினேன். கம்ப்யூட்டர் முன்னால் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

"பெருமாள் திருவடி எங்கே?"

பார்த்தேன். அகலத் திரை சதுரத் திரையாகத் தன்னை நினைத்துக்கொண்டு, படத்தின் இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டிருந்தது. திருவடியும் இல்லை, திருமுடியும் இல்லை. நடுப்பகுதி மட்டும், அதுவும் பக்கவாட்டில் உப்பிப்போய். ஒதுக்கி வைத்திருந்த குப்பைத்தொட்டி எப்படியோ கிளம்பி வந்து பெருமாளின் திருவயிற்றில் உட்கார்ந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"திருவடி சேவிக்காம நான் பச்சைத் தண்ணி தொட மாட்டேன்."

"மாத்திரை போட்டுட்டீங்களா மாமா?"

"ஆச்சு. அது மருந்து. ஆகாரமில்லையே."

மாத்திரை போட்ட அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். முன்பு ஒருமுறை அப்படி விழுந்தவர் அவர். மாமியார் தட்டில் இட்லியோடு வந்து கெஞ்சிப் பார்த்தார், "ஒரு விள்ளலாவது வாயில போட்டுக்கோங்கோளேன்." தலையைத் திருப்பிக்கொண்டார். சுவரில் இருந்த இன்னொரு பெருமாள் படத்தைக் காட்டினேன். "அதுல திருமுகம் மட்டும்னா இருக்கு" என்றார். படமெடுத்த போனை நீட்டினேன், "எறும்பாட்டம்னா இருக்கு" என்றார். ஆபீஸில் இருந்த என் கணவருக்குப் போன் போட்டேன். "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மருந்துதான். செய்தேன். கம்ப்யூட்டர் நிதானமாகக் கிளம்பி, அதே திருவயிற்றையும் அதே குப்பைத்தொட்டியையும் காட்டியது.

சரி, கெடுத்தவளே சரிசெய்ய வேண்டியதுதான். செட்டிங்ஸைத் திறந்து பழைய அளவைத் தேர்ந்தெடுத்தேன். திரை ஒரு கணம் இருண்டது. மாமியார் "ரங்கா!" என்றார். அடுத்த கணம் முழுப் பெருமாளும் வந்துவிட்டார், ஓரத்தில் திருவடியோடு. கூடவே, 'இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா?' என்று கேட்டு, நேற்று நான் படிக்காமலே அழுத்திவிட்ட அதே சின்னப் பெட்டி. பதினைந்து விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் பழையபடி மாற்றிவிடுமாம். நான் மவுஸை நகர்த்தப் போனேன்.

"கையை எடு! சேவிச்சுண்டிருக்கேனோல்லியோ!"

எடுத்துவிட்டேன். அவர் போட்ட போட்டில் யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள். அவர் கண்ணை மூடி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பெட்டி பாட்டுக்குப் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கொண்டே போனது. அவர் கண்ணைத் திறந்தபோது திருவயிறு திரும்ப வந்திருந்தது. "இன்னும் திருமுடி வரைக்கும் போகலையேம்மா" என்றார்.

இரண்டாம் முறை விளக்கமாகச் சொன்னேன். "பதினஞ்சு செகண்டுக்குள்ள ஒரு பட்டனை அழுத்தணும் மாமா. அதுக்குள்ள கண்ணை மூடாதீங்க." தலையாட்டினார். திருவடி வந்ததும் சொன்னதெல்லாம் மறந்துபோய், மவுஸில் இருந்த என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பட்டனை எட்ட முடியவில்லை. அந்தக் கை வேர்த்துச் சில்லிட்டிருந்தது. மாத்திரை வேலையைத் தொடங்கிவிட்டது.

எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. ஒரு பட்டனை அழுத்த விடாமல் ஒரு மனிதர் என் கண் முன்னால் மயங்கி விழப்போகிறார், அதுவும் நான் செய்த வேலையால். மூன்றாம் முறை அளவை மாற்றினேன். திருவடி வந்தது. அவர் கைகூப்பினார், கண்ணை மூடினார். பெட்டி எண்ணத் தொடங்கியது. எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, வைகுண்ட ஏகாதசியில் கூட்டத்தை நகர்த்தக் கம்பி ஓரம் நிற்கிற ஆள் மாதிரி கத்தினேன்:

"நகருங்க! நகருங்க! பின்னாடி ஜனங்க நிக்கிறாங்க, நகருங்க!"

மாமனார் சட்டென்று இரண்டடி நகர்ந்துவிட்டார். அறுபது வருஷப் பழக்கம், கால் தானாகவே கேட்டுவிட்டது. மாமியாரும் தட்டோடு நகர்ந்தார். நான் பாய்ந்து பட்டனை அழுத்தினேன். பெட்டி மறைந்தது, திருவடி நின்றது.

மாமனாரைக் கத்தி விரட்டிய மருமகளுக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், வாக்கரைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர்.

"ரெண்டு மாசமாச்சும்மா, என்னை ஒருத்தர் நகரச் சொல்லி!"

அன்று ஆறு இட்லி சாப்பிட்டார். அவர் சாப்பிடும்போதே நான் அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் படித்து, எழுத்தை மட்டும் பெரிதாக்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன். பெருமாள் முழுசாக இருக்க, எழுத்தும் கொழுகொழுவென்று ஆனது. குப்பைத்தொட்டியைப் பழையபடி ஆதிசேஷனுக்குக் கீழே கொண்டுபோய் விட்டேன்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். போனேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"என்ன மாமா?"

"சொல்லேன்."

"என்ன சொல்றது?"

"நேத்து சொன்னியே."

சொன்னேன். நகர்ந்தார். காபி குடிக்கப் போனார். அதன் பிறகு அது என் தினசரி வேலைகளில் ஒன்றாகிவிட்டது. மறந்துபோனால் அங்கேயே நிற்பார். மெதுவாகச் சொன்னால், "காதுல விழலை" என்பார்.

கால் தேறி முதல் தடவை கோயிலுக்குப் போய்விட்டு வந்த அன்று, மனிதர் குதூகலமாக வருவார் என்று வாசலிலேயே காத்திருந்தேன். யோசனையாகப் படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நன்னா சேவிச்சேளா?" என்று கேட்டார் மாமியார்.

"ஆச்சு, திவ்யமா ஆச்சு." என் பக்கம் திரும்பினார். "அங்கே நிக்கறவன் 'நகருங்கோ, நகருங்கோ'ங்கறான். நாலு தரம் சொன்னான், எனக்குக் காலே நகரலை. உன்னாட்டம் 'நகருங்க'ன்னு சொல்லத் தெரியலைம்மா அவனுக்கு."