மொட்டைக்கு வந்த மரியாதை

கோன்கேன் சந்தையில் ஐஸ் விற்கும் லம்துவனுக்கு எதிரி என்று யாரும் கிடையாது, ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிப் புத்தாண்டு கொண்டாடும் சொங்க்ரான் திருநாளைத் தவிர. அன்றைக்கு ஊரே எதிரி. வெறும் தண்ணீர் ஊற்றுவது கோழைகளின் வேலை என்பது அவள் கொள்கை. ஐஸ் கரைத்த தண்ணீரைப் பிக்கப் வண்டியில் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு கிளம்புவாள். முதுகில் வாங்கியவன் செத்துப்போன பாட்டனைக் கூப்பிட்டு அலறுவான். போலீஸ்காரர், தலைமையாசிரியர், வட்டிக்கடைக்காரர், எவருக்கும் சலுகை இல்லை. அந்த ஊரில் ஜனநாயகம் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். அதுவும் அவள் வாளியில் வரும்.

இந்த வருடம் ஊர் பழிதீர்க்கக் காத்திருந்தது. லம்துவனுக்கோ நிணநீர்ப் புற்றுநோய். கீமோ மருந்து ஏற்ற வலது மேற்கையில் நுழைத்த மெல்லிய குழாய், ரத்தநாளத்தின் வழியே இதயத்தின் வாசல் வரை போயிருந்தது. "நனையக் கூடாது" என்பது நர்ஸ் ரட்சனியின் கட்டளை. முதல் குழாய் அப்படித்தான் போனது. பிளாஸ்திரி ஈரமானதைத் திட்டுக்குப் பயந்து மறைத்தாள். அப்புறம் குழாயை உப்புநீர் விட்டுக் கழுவிய சற்று நேரத்தில் பல் தந்தியடித்து, கட்டிலே ஆடியது. கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. குழாயை உருவி எறிந்தார்கள், கீமோ தள்ளிப்போனது. இது இரண்டாவது. இதுவும் போனால் கட்டி காத்திருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வீட்டுக்குள்ள கெட" என்றார் கணவர் புன்லெர்ட்.

"கோயிலுக்கு மட்டும் போயிட்டு வந்துடுறேங்க."

"ஒன் பக்தி எனக்குத் தெரியாதா? வாளியோட சாமி கும்பிடுற ஒரே ஆளு நீதான்."

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. கையில் ஐஸ் போட்டு விற்கும் பிளாஸ்டிக் பையை மாட்டி மேலே ரப்பர் பேண்டு, அதன் மேல் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை, தலையில் முக்காடு, வண்டியின் முன் சீட்டு, கண்ணாடி இறங்கக் கூடாது.

கோயில் முடிந்து திரும்பும்போது பெரிய வீதியில் வண்டி மாட்டிக்கொண்டது. வெளியூர்ப் பையன்கள் கதவைப் பிடுங்கித் திறந்தார்கள். வாளி உயர்ந்தது. பதறிய லம்துவனின் முக்காடு சரிந்தது. கீமோ முடியை மட்டுமா கொண்டுபோயிருந்தது, புருவத்தையும் வழித்திருந்தது. வெயிலில் தலை தாம்பாளமாய் மின்னியது.

"டேய் டேய், நிறுத்துடா! வெள்ளை உடுப்பு, மொட்டை, பிக்குணி அம்மாடா! நரகத்துக்கா போவணும்?"

வாளிகள் இறங்கின. கைகள் குவிந்தன. லம்துவன் ஒரு கணம் திகைத்தாள். மறுகணம் அவளுடைய இடது கை, கணவருக்கே தெரியாமல் சீட்டுக்கடியில் ஒளித்திருந்த தண்ணீர்த் துப்பாக்கியைத் தேடியது. தலைவன் மூஞ்சியிலேயே ஒரு பீச்சு.

"நல்லா இருப்பா!"

"பாக்கியம்மா, பாக்கியம்!" என்று அவன் சிலிர்த்தான். சும்மாவா, ஐஸ் தண்ணீர்.

"பாவம்டி!" என்று ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முனகினார் புன்லெர்ட்.

"நான் பிக்குணின்னு சொன்னேனா? அவனா சொல்லிக்கிட்டான்."

அப்புறம் வீதி முழுக்க அவள் ராஜ்ஜியம். மீன்காரி சுமாலி மட்டும், "ஐயோ, அது ஐஸ்காரிடா! நம்பாதீங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். துறவியைப் பழித்ததற்காக அவளுக்கே நாலு வாளி விழுந்தது.

வினை வெள்ளிக் கிண்ணத்தில் வந்தது. ஒரு குடும்பம் மல்லிகை மிதக்கும் நீரோடு வந்து, "கைய நீட்டுங்கம்மா" என்று பெரியவர்களிடம் ஆசி வாங்கும் முறைப்படி பணிவாக அவள் கைகளில் ஊற்றியது. பூரித்துப்போன லம்துவன் ஆசி வழங்கக் கைகளை உயர்த்தினாள். தண்ணீர் முழங்கை தாண்டி வழிந்து, தளர்ந்திருந்த ரப்பர் பேண்டைக் கடந்து பைக்குள் இறங்கியது. மேற்கையில் சில்லென்றது. எந்த வாளியும் செய்யாததை மரியாதை செய்துவிட்டது.

கணவர் பார்க்கவில்லை. சொன்னால் ஆட்டம் முடிந்தது. ரட்சனி வேறு தோலை உரிப்பாள். ஆனால் அந்தக் கட்டில் ஆடியது நினைவுக்கு வந்தது.

"ஏங்க, நனைஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

மொட்டைத் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். ஆம்புலன்ஸுக்கு விலகாத கூட்டம் அந்தத் தலைக்கு விலகியது.

"எந்தக் கோயிலம்மா நீங்க?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டாள் ரட்சனி.

"வாய மூடிட்டு பிளாஸ்திரிய மாத்துடி."

"இந்த உடம்ப வச்சிக்கிட்டு கூட்டத்துக்குள்ள போனீங்களா? வரட்டும், டாக்டர்கிட்ட சொல்றேன்."

பிளாஸ்திரி உரிந்தது. ஈரம் ஓரத்தோடு நின்றிருந்தது. குழாய் நுழையும் இடத்தில் சிவப்பில்லை, சீழில்லை. துடைத்துப் புதிதாக ஒட்டிவிட்டு, ரட்சனி உப்புநீர் ஊசியைக் குழாயில் பொருத்தி மெல்ல அழுத்தினாள். லம்துவன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். புன்லெர்ட் மனைவியின் தாடையையே பார்த்தார். மின்விசிறி சுற்றியது. வெளியே ஊர் கூவிக்கொண்டிருந்தது. காத்திருந்தார்கள். பல் தந்தியடிக்கவில்லை.

"நடுங்குதா பெரியம்மா?"

"இல்ல. வாய்தான் உப்புக் கரிக்குது."

"ஒடனே வந்தீங்க, நல்லதாப் போச்சு. ஜுரம் அடிச்சா எந்நேரமும் ஓடி வரணும். இல்லன்னா வெள்ளிக்கிழமை கீமோ உண்டு." ரட்சனி காலி ஊசியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். "வருஷா வருஷம் டூட்டிக்கு வர்ற வழியில என்னைய நனைச்சீங்கல்ல? இந்த வருஷம் நான் ஊத்திட்டேன். நேரா நெஞ்சுக்குள்ளயே!"

லம்துவன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"ஐஸ் போடலியே. கோழை."