வாசற்படியில் வைத்த வெந்நீர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆண்களுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுச் செடியைக் கவ்வாத்து வெட்டவோ புல் வெட்டவோ போனால், சொன்ன அளவை முடித்த கையோடு மத்தியானமே வீடு திரும்பலாம். கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரிசை வீடுகளாக இருக்கிற லயத்துக்கு இறங்கி வரும்போது கீழே ஹாலிஎல டவுனில் விளக்குப் போட்டிருப்பார்கள். வந்தவுடன் அடுப்பு காத்திருக்கும். இதை அநியாயம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் நானே சொல்கிறேன். அநியாயம்.

போன ஐப்பசி மழையில் என் குதிகால் இரண்டும் வெடித்துவிட்டன. விரலிடுக்கில் சேற்றுப்புண். மலையில் நாள் முழுக்க ஈரத்தில் நின்று, சரிவில் வழுக்காமல் விரலால் மண்ணைப் பிடித்துப் பிடித்து, சாயந்திரம் பாதம் அடுப்பில் வைத்த மாதிரி எரியும். ஒருநாள் அடுப்பு மூட்ட உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் அப்படியே இருந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பார்த்தார். கேத்தலில் தண்ணீர் சுட வைத்தார். பேசனில் ஊற்றி, உப்பும் மஞ்சளும் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுவதற்குப் பார்ப்பதுபோல முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். பிறகு என் காலை எடுத்து உள்ளே வைத்து, பெருவிரலால் உள்ளங்காலை அழுத்தித் தேய்த்தார். தன் பழைய சாரத் துணியால் விரலிடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, குதிகாலில் மட்டும் தேங்காயெண்ணெய் தடவினார்.

"எரியுதா?"

"எரிஞ்சா எரியட்டும். நிறுத்திடாதீங்க."

அதுவே பழக்கமானது. கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார். ஆனால் லயத்தில் யார் கதவைத் தட்டிவிட்டு வருகிறார்கள்? கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். மறுநாள் விடிவதற்குள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கவ்வாத்து மலையில் ஆண்கள் இவரை, "என்னப்பா, இன்னைக்குச் சீயக்காயும் தேய்க்கணுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தீபாவளிக்குப் பூனாகலைத் தோட்டத்திலிருந்து என் மாமியார் வந்தார். பையைக் கீழே வைப்பதற்குள் யாரோ ஓதிவிட்டார்கள்.

"பொண்டாட்டி காலைத் தொட்டா வீட்டுல லெச்சுமி தங்குமாடா?" என்று மகனைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் நான் மலையிலிருந்து வந்தபோது அடுப்பில் கேத்தல் இல்லை.

"இனிமே நீயே கழுவிக்கயேன் புள்ள. பின்பக்கமா வச்சு..." என்று இவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வெந்நீர் வைக்க எனக்குத் தெரியாதா? எனக்கு வேண்டியது வெந்நீர் மட்டுமில்லை. நாள் முழுக்க உழைத்து வந்த காலை இன்னொரு ஆள் எடுத்துப் பார்க்க வேண்டும். அன்று விட்டுக்கொடுத்தால் சாகும்வரை அது கிடைக்காது என்று எனக்குத் தெரிந்தது. பேசனில் பச்சைத் தண்ணீரையே மொண்டு, முன்வாசற்படியில் வைத்து, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். லயத்துச் சனமெல்லாம் வீடு திரும்புகிற நேரம்.

"உள்ள வாடி, மானம் போகுது," என்றார் மாமியார்.

"போகட்டும் அத்தை. இந்தக் கால்ல மலையேறிச் சம்பாரிச்ச காசுலதான் நேத்துப் பலகாரம் சுட்டோம். அப்பப் போகாத மானம் இப்பப் போனா போகட்டும்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்தத் தெரியாது. "கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல ஊரே பாக்க இதே காலைத் தூக்கி அம்மியில வச்சு மெட்டி போட்டாரே, அன்னைக்கு லெச்சுமி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளா? வெடிக்காத காலைத் தொட்டாச் சடங்கு, வெடிச்ச காலைத் தொட்டாப் பாவமா?"

படியோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. தண்ணீர் சில்லிட்டு, வெடிப்பெல்லாம் சுரீரென்றது. நான் காலை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து இவர் கேத்தலோடு வெளியே வந்தார். முகம் சிடுசிடுவென்றுதான் இருந்தது. "காலைத் தூக்கு," என்று சொல்லிச் சுடுதண்ணீரை ஊற்றிக் கலந்துவிட்டு, எனக்குக் கீழ்ப்படியில் அத்தனை பேருக்கும் முன்னால் உட்கார்ந்தார். என் குதிகாலைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தார். அந்த நிமிடம் அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாமியார் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஏச்சுக்குக் காத்திருந்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"வெந்நியில வச்சா நெசமாவே வலி கொறையுமா?"

நக்கல் இல்லை. அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பூனாகலையில் இடுப்பு வளைகிற வரை கொழுந்து எடுத்தவர். அவர் சுட வைத்த வெந்நீரெல்லாம் புருஷன் குளிக்கவும் பிள்ளைகள் குளிக்கவும் போயிருக்கிறது. கால்வலி என்பது குறையக்கூடிய ஒன்று என்று அவருக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் மேல் இல்லை.

"கொறையும் அத்தை," என்றேன், லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி.